உலக நூற்பட்டியலின் அட்டை அலமாரி
பிரஸ்ஸல்ஸ், 1895 முதல்

ஒவ்வோர் அட்டையும் 12.5 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயரம், ஒன்றில் ஒரு நூல் அல்லது கட்டுரையின் விவரம். அதிலுள்ள எண் பொருளைச் சொல்லும்: 5 அறிவியல், 59 விலங்கியல், 598.2 பறவைகள்.

உலகில் அச்சான அனைத்துக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்று இதைத் தொடங்கியவர்கள் பெல்ஜிய வழக்கறிஞர்கள் போல் ஒட்லேயும் ஆன்றி லா ஃபோன்டேனும். அறிவு பொதுவுடைமையானால் நாடுகள் போரைக் கைவிடும் என்று மனமார நம்பினார்கள். லா ஃபோன்டேன் 1913இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அஞ்சலில் கேள்வி அனுப்பினால், கட்டணத்துக்கு, பொருத்தமான அட்டைகளைப் படியெடுத்து அனுப்புவார்கள். 1930களில் அட்டைகள் 1.2 கோடியைத் தாண்டியிருந்தன. பெரும்பகுதி, இன்று பெயர் தெரியாத பெண் ஊழியர்களின் கைவேலை. அந்த உழைப்பை எண்ணாமல் இந்த இழுப்பறைகளைக் கடக்க முடியாது.

1934இல் பெல்ஜிய அரசு பட்டியல் இருந்த கூடங்களின் கதவை மூடியது. 1940இல் ஜெர்மானியப் படையினர் கூடங்களைக் காலிசெய்ததில் ஏராளமான ஆவணங்கள் அழிந்தன. ஒட்லே 1944இல் காலமானார்.

எஞ்சியவை 1998இல் மோன்ஸ் நகரில் திறக்கப்பட்ட முண்டானேயம் காப்பகத்தில் உள்ளன. அருகே சேன் கிலேனில் தரவு மையம் நடத்தும் கூகுள், 2012இல் இக்காப்பகத்துடன் கூட்டுச் சேர்ந்தது. இங்கே வரிசைப்படுத்தும் விதி அட்டையிலேயே தெரிகிறது. கூகுள் தேடுபொறியின் விதியோ நிறுவனத்தின் உடைமை.