உஷார்! பார்க்கிங்கில் கண்ணாடி விரியன்

மழை தொடங்கிவிட்டால் ஹைதராபாத்தின் மேற்குப் பகுதிகளில், கச்சிபவுலி, கொண்டாப்பூர், மணிகொண்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு படம் சுற்றும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், டயருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பு. அதன் கீழே யாராவது ஒருவர் எழுதியிருப்பார்: "மலைப்பாம்புக் குட்டி சார், ஒண்ணும் பண்ணாது." இதை நம்பிக் கையை நீட்டினால் கதை முடிந்தது.

நன்றாகப் பாருங்கள், ஆனால் தள்ளி நின்று. முதுகில் முட்டை வடிவப் பழுப்புப் புள்ளிகள் மூன்று வரிசையாக, சங்கிலித் தொடராக ஓடுகின்றனவா? தலை முக்கோணமா? கிட்டே போனால் பிரஷர் குக்கர் போலச் சீறுகிறதா? அது கண்ணாடி விரியன். மலைப்பாம்பின் திட்டுகள் இப்படி வரிசையில் நிற்காது, கோணல்மாணலாகப் பரவிக் கிடக்கும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டியாகவே ஈனும். ஒரே ஈற்றில் இருபது முப்பது. பெரும்பாலும் மழை தொடங்குகிற நேரம். ஒரு சாண் நீளக் குட்டிக்கும் பிறக்கும்போதே நஞ்சு உண்டு. "குட்டிதானே" என்று துடைப்பத்தால் தள்ளப் போகாதீர்கள்.

வாட்ச்மேன் சொல்வதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தெலுங்கில் "ஜெர்ரிப்போத்து" என்றால் நம் ஊர்ச் சாரை. விஷமில்லை, எலி பிடித்துத் தின்றுவிட்டுப் போகும். "ரக்த பிஞ்சரி" என்றால் கண்ணாடி விரியன். "கட்ல பாமு" என்றால் கட்டுவிரியன்; நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், இமை தானாகக் கீழே சரியும், பிறகு மூச்சு திணறும். வாய்வுக் கோளாறு என்று சோடா கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். பத்தாவது மாடியில் கட்டிலில் தூங்கும் நமக்கு இந்த ஆபத்து குறைவு. பக்கத்து சைட்டில் தகரக் கொட்டகையில், வெறுந்தரையில் படுத்திருக்கும் கட்டடத் தொழிலாளிக்குத்தான் அதிகம். ஒரு கொசுவலையை வாங்கி, பாய்க்கு அடியில் ஓரத்தைச் செருகிவிட்டாலே பெரிய காப்பு.

பாம்புகள் ஏன் இப்படி வருகின்றன? அவை வாழ்ந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். பாறையும் முள்புதரும் குட்டையுமாகக் கிடந்த தக்காணத்து நிலத்துக்கு அரசுக் காகிதத்தில் பெரும்பாலும் தரிசு என்றுதான் பெயர். 2025 மார்ச் கடைசியில், உகாதி, ரம்ஜான் விடுமுறையை ஒட்டி, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை அடுத்த காஞ்சா கச்சிபவுலியில் 400 ஏக்கரைக் குறிவைத்து புல்டோசர்கள் இறங்கின. ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் சுமார் 100 ஏக்கர் மொட்டையாகிவிட்டது. மயில்கள் அலறிய வீடியோவை ஊரே பார்த்தது. அதே புதருக்குள் நட்சத்திர ஆமையும் உடும்பும் மலைப்பாம்பும் இருந்தன. ஆமைக்கு ஓடவும் தெரியாது, கத்தவும் தெரியாது. அதனால் வீடியோவும் இல்லை. உயிரியல் மாணவர்களுக்கு வாசலிலேயே இருந்த களம் அது. முரிசியா ஹைதராபாதென்சிஸ் என்ற சிலந்தியை அறிவியலுக்குத் தந்ததே அந்தப் பல்கலைக்கழக வளாகம்தான்.

1995 முதல் இந்த நகரத்தில் பாம்பு மீட்கும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஸ்னேக்ஸ் சொசைட்டி இப்போதெல்லாம் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பிடிக்கிறது. அதில் பெரும்பங்கு நல்ல பாம்பு. பிடித்ததைக் காட்டில் விட வேண்டும்; காடு சுருங்கிக்கொண்டே போனால் எங்கே விடுவது?

இன்னொரு கூட்டம், ரீல்ஸ் எடுக்கும் வீரர்கள். நல்ல பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்கிச் சிரிக்கிற பையனுக்கு லைக் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் பிடித்தாலே வழக்கு, குறைந்தது மூன்றாண்டு சிறை. நாக பஞ்சமிக்குக் கூடையோடு வாசலில் வந்து நிற்பவருக்கும் காசு போடாதீர்கள். பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து, நாள்கணக்காகத் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்புதான் தவித்துப் போய்ப் பாலில் வாய் வைக்கிறது.

கடித்துவிட்டால்? கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். தெருமுனை நர்சிங் ஹோமில் நேரத்தை விடாமல் உஸ்மானியா, காந்தி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் பெரும்பாலும் கண்ணாடி விரியன் வகை நஞ்சு. உடனே நஞ்சுமுறி ஏறும்.

அந்த மருந்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் நஞ்சுதான் நெடுங்காலமாக நாட்டின் நஞ்சுமுறிக்கு முக்கிய மூலப்பொருள். ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் தெலங்கானா பாம்பைத் தெலங்கானாவிலேயே ஆராய்ந்தாக வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள். அதிக மரணம் நிகழும் மாநிலங்களின் பட்டியலில் ஆந்திரமும் தெலங்கானாவும் இருக்கின்றன. பாம்பையும் நிலத்தையும் சேர்த்து அழித்துவிட்டு எதை ஆராய்வது?

இன்றைக்கே பாம்பு மீட்பவர்களின் எண்ணைத் தேடி போனில் சேமியுங்கள், வாட்ச்மேனுக்கும் கொடுங்கள். பக்கத்துக் காலி மனையில் ஜேசிபி வந்து நின்றால், அது மண்ணைத் தோண்டும் முன்பே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.