புதுப்பந்து யார் கையில்?

சனிக்கிழமை சாயங்காலம் தேவதானம் டீக்கடைப் பக்கம் இளவட்டங்கள் கூடினால், சுற்றிச் சுற்றிப் பேச்சு ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: “நாளைக்குச் சேத்தூர்க்காரங்களுக்கு முதல் ஓவர் யாருண்ணே?” எவன் எத்தனை சிக்ஸர் அடிப்பான் என்பதெல்லாம் பிறகுதான். பக்கத்து ஊரோடு ஆட்டம் என்றால், புதுப்பந்தை எடுப்பவன் பெயர் தெரியாமல் யாருக்கும் தூக்கம் வராது. எதிரணியிலும் அந்நேரம் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து வீசினேன். தோள் ஓய்ந்த பிறகு அம்பயராக நிற்கிறேன். டென்னிஸ் பந்து கிரிக்கெட் என்று சிலர் இதை லேசாகச் சொல்வார்கள். எனக்கு இது லேசான விஷயமில்லை. இந்தக் கிராமங்களில் ஒரு பையனுக்குத் தன் ஊரின் பெயரைச் சுமக்கும் வாய்ப்பு கிடைப்பது பெரும்பாலும் இந்தக் களத்தில்தான்.

நம் டீக்கடைக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெரிய கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தெறிபவருக்கு ‘ஸ்டார்ட்டிங் பிட்சர்’ என்று பெயர். நம் களத்தில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறும், அங்கே அப்படியில்லை. ஒரே ஆள் 18.44 மீட்டர் தூரத்தில் சின்ன மேடு ஒன்றின் மேல் நின்று, எதிரணியின் ஒன்பது மட்டையாளர்களுக்கும் மாறி மாறி எறிவார். தொண்ணூறு, நூறு பந்து எறிந்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தவர் வருவார். அதனால் ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் தோளில்தான் இருக்கிறது. நாளை இந்தப் பக்கம் இன்னார், அந்தப் பக்கம் இன்னார் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ரசிகர்கள் அதைப் பார்த்துத்தான் எந்த நாளுக்கு டிக்கெட் வாங்குவது என்று முடிவு செய்வார்கள்.

இரு அணிகள் மோதினால் பெரும்பாலும் மூன்று ஆட்டம் தொடர்ந்து நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியிலும் ஐந்து ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் முறைவைத்து எறிவார்கள். இன்று எறிந்தவர் அடுத்த நான்கு நாள் எறிய மாட்டார். எனவே பரம எதிரியோடு மோதும் வார இறுதியில் அணியின் முதல்தரப் பிட்சருடைய முறை வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும், எதிரணியின் சிறந்தவரோடு அவரை நேருக்கு நேர் நிறுத்துவதா, அவர்களுடைய மூன்றாவது ஆளுக்கு எதிராக நிறுத்தி ஒரு வெற்றியை உறுதி செய்துகொள்வதா? இடக்கை மட்டையாளர்கள் நிறைந்த அணிக்கு இடக்கைக்காரரை அனுப்பலாமா? மட்டையாளர்கள் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அவர் வித்தைகள் பழகிப்போய் நன்றாக அடிப்பார்கள் என்பதால், எப்போது அவரை வெளியே எடுப்பது? பயிற்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

எங்கள் கணக்கு வேறு மாதிரி. தேவதானத்துக்கு மேற்கே மலை. ஆடி பிறந்தால் மேல்காற்று விடாது. களத்தை வடக்கு தெற்காகப் போட்டால் காற்று குறுக்கே பாயும். வடக்கு முனையிலிருந்து ஓடிவருபவனுக்கு வலக்கை ஆட்டக்காரனை விட்டுப் பந்து வெளியே விலகும். தெற்கு முனையிலிருந்து வீசினால் அதே காற்று பந்தை உள்ளே தள்ளும். ஆகவே டாஸ் போட்டதும் நல்ல கேப்டன் முதலில் பார்ப்பது தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான். ஸ்டம்புக்கு வீசி போல்ட் எடுப்பவனைத் தெற்கு முனைக்கும், கீப்பர் கேட்ச் எடுத்துக்கொடுப்பவனை வடக்கு முனைக்கும் அனுப்புவான். புதுப்பந்தின் பஞ்சு இரண்டு மூன்று ஓவரில் தேய்ந்துவிடும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடுவதால் சாயங்கால ஆட்டத்தில் வெளிச்சம் சட்டென்று மங்கும். அப்போது வேகமாக வீசும் ஒருவன் கையில் இருந்தால் பாதி ஆட்டம் கையில் இருக்கிற மாதிரி. அவனை முதல் ஓவருக்கே செலவழிப்பதா, கடைசி ஓவருக்கு வைத்திருப்பதா என்ற தர்க்கம் நான் விளையாடிய காலத்திலும் உண்டு, இன்றும் உண்டு.

பக்கத்துச் சமஸ்தானத்தோடு மோதும்போது பந்து யார் கையில் என்பது தமிழ்நாட்டு கிரிக்கெட்டின் தொடக்கத்திலேயே பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்ததுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுச் சீமை மொரப்பாக்கத்துக்காரர், நல்ல வேகப்பந்து வீச்சாளர், இந்தியாவுக்காக ஹாக்கியும் ஆடியவர். அவர் திறந்துவைத்த ஆட்டத்தை முடித்துவைத்தவர் ஏ.ஜி. ராம்சிங். இடக்கைச் சுழலில் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. மைசூர் 48, மதராஸ் 130, மீண்டும் மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது.

இரு பக்கத்துக்கும் இடையிலான போட்டி அதோடு ஓயவில்லை. அறுபது, எழுபதுகளில் இந்தப் பக்கம் எஸ். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும், அந்தப் பக்கம் பிரசன்னாவும் சந்திரசேகரும். ஆளுக்கொரு ஆஃப் ஸ்பின்னர், ஆளுக்கொரு லெக் ஸ்பின்னர். நால்வருமே இந்தியாவுக்கு ஆடியவர்கள். ரஞ்சியில் மட்டும் வெங்கட்ராகவன் எடுத்த விக்கெட்டுகள் 530. அந்தக் காலத்துத் தென்மண்டல ஆட்டங்களில், வேகப்பந்து வீச்சாளர்கள் பந்தின் பளபளப்பைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் உண்மையான ஆட்டமே தொடங்கும்.

பேஸ்பாலில் இப்படிப்பட்ட மோதல்களுக்குப் பேர்போன ஜோடி லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியும். இரண்டுமே முன்பு நியூயார்க்கில் இருந்தவை. 1958இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது பகையையும் கூடவே கொண்டுபோயின. 1965 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. டாட்ஜர்ஸுக்கு இடக்கைக்காரர் சாண்டி கோஃபாக்ஸ், ஜயன்ட்ஸுக்கு டொமினிகன் குடியரசைச் சேர்ந்த வலக்கைக்காரர் வான் மரிச்சல். அந்தக் காலத்தின் தலைசிறந்த இரண்டு பிட்சர்கள். ஆட்டத்தின் நடுவே மரிச்சல் மட்டையாட வந்தபோது, டாட்ஜர்ஸின் கேட்சர் (நம் கீப்பர் மாதிரி) ஜான் ரோஸ்பரோ பிட்சருக்குத் திருப்பி எறிந்த பந்து மரிச்சலின் காதை உரசியதாகத் தகராறு மூண்டது. மரிச்சல் மட்டையாலேயே அவர் தலையில் அடித்துவிட்டார். ரோஸ்பரோவுக்குப் பதினான்கு தையல். மரிச்சலுக்கு இடைநீக்கமும் 1,750 டாலர் அபராதமும் விழுந்தன. ஆட்டத்தை 4-3 என்று ஜயன்ட்ஸ் வென்றது. ஆனால் பருவத்தின் முடிவில் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டாட்ஜர்ஸ் முதலிடம் பிடித்தது. பிற்காலத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 2002இல் ரோஸ்பரோ இறந்தபோது, அவர் உடலைச் சுமப்பவர்களில் ஒருவராக மரிச்சலுக்கும் கௌரவ இடம் தரப்பட்டது.

அந்த வருடக் கதையில் என்னை அதிகம் பாதிப்பது சண்டையல்ல, கோஃபாக்ஸின் கைதான். அப்போதெல்லாம் நான்கு பேர்தான் முறைவைத்து எறிவார்கள். பருவத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் 1965 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வில் வந்து, மின்னசோட்டா அணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 2-0 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 27 ஆட்டங்களில் வென்றார். அதே 1966 நவம்பரில், முழங்கை மூட்டு தேய்ந்து வீங்கிப்போன நிலையில், முப்பது வயதில் ஓய்வு பெற்றார். இன்னும் பல வருடம் எறிந்திருக்க வேண்டிய கை அது.

இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். எட்டு ஓவர் ஆட்டத்தில் ஒருவனுக்கு இரண்டு ஓவர்தான், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் நாக்-அவுட் டோர்னமெண்டில் இறுதிவரை போகும் அணி ஒரே நாளில் நான்கு ஆட்டம்கூட ஆடும். அப்போது ஒருவனுக்கே எட்டு ஓவர், அதுவும் ஒவ்வொரு பந்தும் முழு வேகத்தில். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்னொரு கோப்பை. நல்லா வீசுகிற பையன் என்றால் வேறு அணிக்காரர்களும் கூப்பிடுவார்கள். சில பையன்கள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராகக் களத்துக்கு வருகிறார்கள். எடை குறைந்த டென்னிஸ் பந்தில் வேகம் காட்டத் தோளைச் சுண்டிச் சுண்டி வீச வேண்டியிருக்கிறது. பதினேழு வயதில் ஊரே கொண்டாடிய பையன் இருபத்தொன்றில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உழவு மாட்டைக்கூட மத்தியானத்தில் அவிழ்த்துவிடும் நாம், இந்தப் பையன்களை அவிழ்த்துவிடுவதில்லை.

வெளியுலகம் இதற்குக் கணக்கு வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007 முதல் பந்துகளை எண்ணி நிறுத்துகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 76ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்த நெறிமுறையில் பதினைந்து வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளனுக்குத் தொடர்ச்சியாக ஆறு ஓவர், நாளுக்குப் பன்னிரண்டு ஓவர்தான். காரணம் எளிது. வளரும் வயதில் முதுகெலும்பின் அடிப்பகுதி முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. ஓய்வில்லாமல் வீசினால் அங்கே மெல்லிய விரிசல் விழும். அத்தனை மருத்துவ வசதியும் சூழ இருக்கும் ஜஸ்பிரித் பும்ராவுக்கே 2019இல் முதுகில் அப்படிப்பட்ட முறிவு ஏற்பட்டது. 2023இல் அறுவை சிகிச்சை வரை போனது. நம் பையனுக்கு இருப்பது ஒரு வலி நிவாரணி ஸ்பிரேயும் நண்பர்களின் கைதட்டலும்தான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து வீசிக் கிளம்பிய டி. நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். நம் களங்களில் இருந்தும் அப்படி ஒருவன் வரலாம். அவன் வரும்வரை அவன் தோள் நிலைத்திருக்க வேண்டும்.

அதனால் கேப்டன்களுக்கும் டோர்னமெண்ட் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கோர் புத்தகத்தில் ரன்னோடு சேர்த்து, அன்று எல்லா ஆட்டத்திலும் சேர்ந்து ஒருவன் எத்தனை ஓவர் வீசினான் என்பதையும் எழுதுங்கள். பதினெட்டு வயதாகாத பையனுக்கு ஒரு நாளில் ஆறு ஓவருக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை முழுமூச்சாக வீசியவனை ஞாயிற்றுக்கிழமை ஃபீல்டிங்கில் நிறுத்துங்கள். தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன்: தோள் வலித்தால் மறைக்காதே, கேப்டனிடம் சொல்லு. சேத்தூரோடு ஆட்டம் அடுத்த வாரமும் உண்டு. உனக்குத் தோள் ஒன்றுதான்.