கண்ணில் படாத இருப்பு: பழைய காருக்கு ஒரு பிரேக் ஆயில் டப்பா

கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கும் நாம், வண்டியில் பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. புதிய வண்டிகளில் பானெட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். சில பழைய கார்களில் அது அவ்வளவு எளிதல்ல. மொரிஸ் மைனர் அப்படிப்பட்ட ஒன்று.

இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான கார் இது. 1953-இல் வந்த இதன் சிறிய வேன் அந்நாட்டு அஞ்சல் துறைக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பல ஆண்டுகள் உழைத்தது. இலங்கையிலும் இந்தக் காரைப் போற்றி வைத்திருப்பவர்கள் உண்டு.

இதில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆயிலைப் பார்க்க வேண்டுமானால் விரிப்பைத் தூக்கி, மூடுதகட்டைக் கழற்றி, பிறகு சிலிண்டரின் மூடியைத் திருக வேண்டும். திறக்கும்போது மண்ணும் தூசும் உள்ளே விழும் ஆபத்து வேறு. இத்தனை சிரமம் இருந்தால் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றுதான் தோன்றும். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓர் இடத்தில் கசிந்து ஆயில் தீர்ந்தால் நான்கு பிரேக்கும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே.

இதற்கு வழி, பானெட்டுக்குள் ஒளி ஊடுருவும் டப்பா ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து ஹோஸ் வழியாக மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயிலைக் கொண்டுபோவது. நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

டப்பா, சிலிண்டரை விட உயரத்தில், அசையாமல் நிற்க வேண்டும். சிலிண்டரின் பழைய மூடி இருந்த இடத்தில், ஹோஸ் மாட்டும் இணைப்பை வாஷருடன் ஒரு சொட்டும் கசியாதபடி இறுக்க வேண்டும். ஹோஸ் சைலன்சர் குழாயின் சூட்டுக்கு விலகி, இடையில் மேடு பள்ளம் இல்லாமல் டப்பாவை நோக்கி ஏறிச் செல்ல வேண்டும். இல்லையேல் காற்று தங்கிவிடும். டப்பா மூடியில் காற்றுத் துளை அவசியம்.

சாதாரண பெட்ரோல் ஹோஸ் கூடாது. பிரேக் ஆயிலில் அது ஊறிக் கெட்டுவிடும். பிரேக் ஆயிலுக்கென்று உள்ள ஹோஸையே கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து, பெடலை அழுத்தமாக மிதித்துப் பிடித்தபடி எல்லா இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். ஆயில் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்; விட்டால் பெயிண்ட்டை அரித்துவிடும்.

மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பிரேக் ஆயிலும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகைப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எனவே திறந்து நாளான டின்னை உபயோகிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.

முக்கியமாக ஒன்று. டப்பா மாட்டியதால் கசிவு நின்றுவிடாது. ஆயில் வேகமாகக் குறைந்தால் மேலே ஊற்றி ஊற்றி ஓட்டுவது, ஓட்டைச் சாக்கில் அரிசி நிரப்புவதற்குச் சமம். வீல் சிலிண்டரிலோ குழாயிலோ இருக்கும் கசிவைக் கண்டுபிடித்துச் சரி செய்யும்வரை வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. இருப்பு குறைவதை உடனே காட்டிக் கொடுப்பதுதான் இந்த டப்பாவின் வேலை. வாரம் ஒருநாள் கடை திறக்கும் முன் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பது நம் வேலை.