காலையில் கரிசல்... மாலையில் கடலோரம்! பஸ்ஸில் போய், நடந்து வாங்க!

"நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லிட்டார். மொட்டை மாடியில சுத்திச் சுத்தி வந்தா தலைதான் சுத்துது!"

இந்தப் புலம்பல் கேட்காத வீடு உண்டா? உங்கள் வீட்டிலும் கேட்டிருந்தால் ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு ஊர் விட்டு ஊர் நடந்து பாருங்களேன். கார் வேண்டாம், பஸ் போதும். கோவில்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அருமையான பாதை ஒன்று இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் காலை நடை, தருவைகுளம் கடலோரத்தில் மாலை நடை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். எங்கள் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒருமுறை குடும்பமாகக் கடற்கரைக்குப் போனபோது, எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தோம். உச்சி வெயில். குழந்தைகள் "ஐயோ சுடுது!" என்று துள்ளிக்கொண்டு ஓடினார்கள். சித்தப்பா மட்டும் சாவகாசமாக நடந்து வந்தார். "பார்த்தியா, மனுஷன் எவ்வளவு உறுதி!" என்று நாங்கள் சிரித்தோம். அன்று ராத்திரி அவர் பாதத்தைப் பார்த்த சித்தி அலறிவிட்டார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்! சூடு பட்டதே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று.

நடந்தது தப்பில்லை. நடந்த நேரமும் வெறுங்காலும்தான் தப்பு. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் போட்டதுதான் கீழே உள்ள திட்டம்.

ஒரு வழி நடை!

நம்மில் பலர் செய்யும் தவறு, தெம்பு இருக்கும்போது ரொம்ப தூரம் போய்விடுவது. திரும்பும்போது கால் ஓய்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும். ஆகவே ஒரு பஸ் நிறுத்தத்தில் இறங்கி அடுத்த ஊர் நிறுத்தம் வரை மட்டும் நடங்கள். திரும்பி வர பஸ் இருக்கிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் அவர் நடக்காமல் பஸ்ஸிலேயே அந்த ஊருக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். தாத்தா பாட்டியையும் தைரியமாக அழைத்துப் போகலாம்.

செலவும் குறைவு. 2021 முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

எந்த மாதம்?

ஜனவரி, பிப்ரவரிதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். வழுக்கி விழவும் வாய்ப்பு அதிகம். சித்திரை, வைகாசியில் அதே மண் வெடித்துக் கிடக்கும், அனல் அடிக்கும். தை, மாசியில் மண் காய்ந்து இறுகியிருக்கும், காலை இதமாக இருக்கும்.

காலை நடை: 3 கிலோமீட்டர்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் வந்துவிடுங்கள். வ.உ.சிதம்பரனார் 1872-ல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. இட்லியோ கம்பங்கூழோ, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் நடக்கத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது.

இங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி சுமார் 3 கிலோமீட்டர். பேசிக்கொண்டே நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நாலாயிரம் அடிக்குக் குறையாது! பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம்தான் சரியான வேகம். பேச்சே திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

வழியில் ஒரு எச்சரிக்கை. சாலையை விட்டு இறங்கினால் வேலிக்கருவை முள். சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். குத்திவிட்டால் முள்ளை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்பதையும் சொல்லுங்கள். முனை உள்ளே முறிந்திருந்தால் நீங்களே தோண்டாதீர்கள்.

பாஞ்சாலங்குறிச்சியில் நீங்கள் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மன் இருந்த கோட்டையை 1799-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்த வருடம் அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் தம்பி ஊமைத்துரை கோட்டையை மறுபடி எழுப்பிப் போராடினார். பழைய கோட்டையின் அடித்தளம் இன்றும் தெரிகிறது. குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே சுற்றலாம். பக்கத்திலேயே வீரஜக்கம்மாள் கோயில். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். சர்க்கரைக்காரர்கள் கல்தரை சூடேறுவதற்கு முன், ஒன்பதரைக்குள் கும்பிட்டுவிடுவது நல்லது. பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியானம்: நடை கிடையாது!

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெயிலில் நடமாடவே வேண்டாம். தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுங்கள். சாப்பிட்டு, காலை நீட்டி ஓய்வெடுங்கள். ஷூவைக் கழற்றிக் கால் விரல் இடுக்கைத் துடைத்து, சாக்ஸை மாற்றுங்கள். எங்காவது சிவந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். சிவந்திருந்தால் அன்றைய நடை அத்தோடு போதும்.

மாலை: கடற்காற்றோடு

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிறது தருவைகுளம். மீனவர் ஊர். அதற்கு அடுத்த ஊர் பட்டினமருதூர். நாலு மணிக்கு மேல் ஒன்றிலிருந்து மற்றதற்கு நிதானமாக நடக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்குமுன், "கண்டக்டர் அண்ணாச்சி, அடுத்த ஊர்ல திரும்புற பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ் எப்போ?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குள் நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும்.

பகலில் நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். அதனால்தான் மாலையில் கடலோரம் அவ்வளவு சுகம். ஆனால் அதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், கால் மணிக்கு ஒரு தடவை நாலு வாய் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரகம், இதயக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வெள்ளை உப்புக் குவியலின் பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளப் பாத்தி வரப்பில் ஏறி நடக்காதீர்கள். அது ஒருவரின் பிழைப்பு.

எதிரே இருப்பது மன்னார் வளைகுடா. இங்கே 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. அதில் விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. காரியாசல்லியும் சுருங்கி வருகிறது. படகு பிடித்துத் தீவுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள், அனுமதி கிடையாது. கரையில் நின்று பார்ப்பதே போதும்.

கடலைமிட்டாயா, குளுக்கோஸா?

கோவில்பட்டி வழியாக வந்துவிட்டுக் கடலைமிட்டாய் வாங்காமல் இருப்பீர்களா! 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாயாச்சே! நடக்கும்போது பசிக்கு நல்லது. ஆனால் சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் அதை நம்பாதீர்கள். கடலையில் உள்ள கொழுப்பு, இனிப்பு ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு கடலைமிட்டாய் தரலாம். அதிகம் நடந்த நாளில் ராத்திரியும் சர்க்கரை இறங்கலாம் என்பதால் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். மாத்திரையை நீங்களாகவே கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம்.

பையில் என்னென்ன?

* ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்
* ஓ.ஆர்.எஸ். பொட்டலம்
* குளுக்கோஸ், அன்றாட மாத்திரைகள், மருந்துச் சீட்டு
* இன்னொரு ஜோடி பருத்தி சாக்ஸ்
* பிளாஸ்திரி, சின்னக் கண்ணாடி
* புளிசாதம் (தயிர்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்)

புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முறை போடுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். பழகிய ஷூதான் கொப்புளம் போடாது.

உடனே நிறுத்துங்கள்!

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார வைத்து, உடையைத் தளர்த்தித் தண்ணீர் கொடுங்கள். பேச்சு உளறி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி என்றால் ஒரு அடி கூட மேலே நடக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்...

எவ்வளவு அசதியானாலும் ஒரு வேலை பாக்கி. காலைக் கழுவித் துடைத்து, கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவருக்கு மருமகளோ பேரனோ பார்க்கலாம். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காதீர்கள். சர்க்கரைக்காரர் என்றால் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஒரு நாள் நடை அதற்கு ஈடாகாது. ஆனால் "தை மாசம் போகணுமே" என்று இன்றிலிருந்தே தினம் இருபது நிமிடம் நடந்து பழகுவீர்கள் பாருங்கள், அதுதான் உண்மையான லாபம்.

எங்கள் சித்தப்பா? போன தை மாதம் இதே வழியில் எங்களோடு வந்தார், ஷூ போட்டுக்கொண்டு! ராத்திரி சித்தி கண்ணாடியோடு வந்து நிற்குமுன் அவரே காலை நீட்டினார். "பாத்துக்கோ, ஒண்ணுமில்ல!"

நீங்கள் எப்போ கிளம்பறீங்க?