ஐப்பசி மழையில் குதிரை லாயம்

“மாட்டுக் கொட்டகையில் இடம் காலியாக இருக்கிறது. ஒரு குதிரை வாங்கிக் கட்டலாமா?” பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி பக்கத்து விவசாயிகள் சிலருக்கு இந்த எண்ணம் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிப் பயிற்சிக்கும் சென்னையில் குதிரை கேட்கிறார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு ஆசை இன்னும் கூடும். முன்பணம் கொடுக்கும் முன், ஐப்பசியில் முழுசாக ஒரு நாள் ஏதாவது ஒரு லாயத்தில் இருந்து பாருங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு லாயத்துக்குள் போகிறவர் முதலில் பார்ப்பது குதிரையை அல்ல, லத்தியை. இரவில் வழக்கம்போல் போட்டிருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கவனிப்பார். நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கிற பிராணி அது. மழை நாளில் குளிர்ந்த தண்ணீரைக் கண்டு முகம் திருப்பினால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

அடுத்து குளம்பு. நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் அப்பியிருக்கும் சேற்றையும் லத்தியையும் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் குளம்பு அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. லாயத்தின் தரை ஓரடியாவது உயர்ந்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. சேற்றில் கிடக்கும் ஆணி குத்தினால் ரணஜன்னி வரும். மாட்டைவிடக் குதிரைக்கு அந்த நோய் எளிதில் தாக்கும், தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவரும் வர வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பது தனிக் கதை.

தீவனத்தில்தான் மாடு வளர்த்தவர்கள் தடுக்கி விழுகிறார்கள். குதிரைக்கு அசைபோடும் நான்கு அறை வயிறு கிடையாது, வாந்தி எடுக்கவும் முடியாது. தவறானது உள்ளே போனால் போனதுதான். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்கும் போடக் கூடாது; குதிரைக்குப் போட்டால் உயிரே போகலாம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும் என்பதால், ஐப்பசிக்கு முன்பே தார்ப்பாய் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கிவிடுவது நல்லது.

கோ-4 போன்ற நேப்பியர் புல் வரப்பெல்லாம் செழித்து நிற்கும் காலம் இது. அதையே வெட்டிப் போட்டு, கூடத் தவிடும் கொடுத்தால் மிச்சம் என்று தோன்றும். மாதக்கணக்கில் அப்படிச் செய்தால் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போடும். தவிட்டில் மணிச்சத்து அதிகம். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சத் தொடங்கும். முகத்து எலும்பு வீங்கும், குதிரை நொண்டும். நேப்பியரைக் குறைத்து, அறுகம்புல்லும் குதிரை மசாலும் சேருங்கள். குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய; நம் முன்னோர் பேரிலேயே குதிரையை வைத்திருக்கிறார்கள்! மோனன்சின் கலந்த மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ குதிரைக்கு நஞ்சு. மூட்டைச் சீட்டைப் படிக்காமல் அவிழ்க்காதீர்கள்.

மழை விட்டு வெயில் அடித்ததும் கடிக்கிற ஈக்கள் கிளம்பும். இவை பரப்பும் சர்ரா நோயில் காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும்; கால்களும் அடிவயிறும் வீங்கும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். ரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். லத்தியை லாயத்தை விட்டுத் தள்ளிக் குவித்து மூடினால் ஈத் தொல்லை குறையும், எருவும் கிடைக்கும். ஒரு குதிரை நாளுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் போடும்; மக்கிய பிறகு கீரைப் பாத்திக்கு அருமை.

தீபாவளியும் ஐப்பசியில்தான். வெடிச் சத்தத்தில் மிரண்ட குதிரை சுவரில் மோதிக் காலை முறித்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே உள்ளே கட்டி, விளக்கைப் போட்டு, பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு ஊர்வலத்துக்கு வாடகை பேசுவது வேண்டாத வேலை.

இரவு கடைசிச் சுற்று ஒன்பது மணிக்கு. முன்காலால் தரையைப் பறிக்கிறதா, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, படுத்து எழுந்து புரள்கிறதா? வயிற்றுவலி. ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போய்ப் படுத்தவர்கள் குதிரையை இழந்திருக்கிறார்கள். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள், அவர் வரும்வரை மெதுவாக நடக்க விடலாம். பாட்டிலில் எண்ணெய் ஊற்றிப் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். 1903-இல் தொடங்கப்பட்டு, இப்போது வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரம்தான். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மழை இரவில் வண்டி பிடித்துக் குதிரையை ஏற்றிப் போவதற்குள் நேரம் ஓடிவிடும். பக்கத்தில் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று விசாரித்து, அவர் கைபேசி எண்ணை லாயத்துக் கதவிலேயே எழுதி வையுங்கள். குதிரை வாங்குவதற்கு முன்பே.