தானமும் சுய உதவியும்: மார்த்தாண்டத்து அநுபவம்

பஞ்ச காலத்தில் கஞ்சி வார்ப்பதும் வெள்ள காலத்தில் துணி வழங்குவதும் உயிர் காக்கும் உபகாரங்கள். ஆயினும் பஞ்சம் நீங்கிய பின்னும் ஏழைக் குடியானவனின் வறுமை நீங்குவதில்லை. அவ்வறுமையைப் போக்க ஒரு தர்ம ஸ்தாபனம் செய்யத்தக்கது யாது என்னும் கேள்விக்கு மார்த்தாண்டத்தில் நடந்த கிராம புனருத்தாரண வேலை நல்ல விடையாகும்.

மார்த்தாண்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956-ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்துடன் இணைந்த ஊர்; இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம் எனப்படும் ஒய்.எம்.ஸி.ஏ., 1920-களில் அங்கு ஒரு நிலையத்தை ஏற்படுத்தியது. நகரத்து வாலிபர்களுக்கென்று தோன்றிய அச்சங்கத்தைக் கிராமங்களின் பக்கம் திருப்பியவர், சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876-1931) ஆவார். 1916-ஆம் ஆண்டில் அதன் தேசியப் பொதுக் காரியதரிசியான முதல் இந்தியர் அவரே. கடனில் மூழ்கிய குடியானவனுக்கு நாணய சங்கமே முதல் துணை என்பது அவருடைய கொள்கை. மார்த்தாண்டத்தில் வேலையை நேரில் நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்க விவசாய நிபுணர்.

நிலையத்தின் விதி எளியது. ஜனங்கள் தாமே செய்துகொள்ளக்கூடியதை நிலையம் செய்து கொடுப்பதில்லை. வழி காட்டும், அருகில் இருந்து யோசனை சொல்லும், வேலையும் பொறுப்பும் கிராமத்தாருடையவை. ஆன்மா, அறிவு, உடல், சமூகம், பொருள் ஆகிய ஐந்தும் ஒருங்கே வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். வீட்டில் முன்னமே உள்ள சிறு தொழில்களையே அது திருத்த முற்பட்டது. நல்ல ஜாதிச் சேவல்களைக் கொண்டு நாட்டுக் கோழிகளின் இனம் விருத்தி செய்யப்பட்டது. முட்டைகள் வெளிச்சத்தில் வைத்துப் பரிசோதிக்கப்பட்டு, கூட்டாக விற்கப்பட்டன.

இவற்றுள் நிலைத்து நின்றது தேனீ வளர்ப்பு. முன்பு மலையிலும் மரப்பொந்திலும் உள்ள தேனடையை அறுத்துக் கையால் பிழிவதே வழக்கம். புழுவும் மெழுகும் கலந்த அத்தேன் விரைவில் புளித்துவிடும்; ஈக்களும் கூட்டை இழந்து போகும். மரப்பெட்டியிலோ, எடுத்து மாட்டக்கூடிய சட்டங்களில் ஈக்கள் அடை கட்டுகின்றன. கீழறையில் குஞ்சுகள் வளர, மேலறையில் தேன் சேர்கிறது. அம்மேற்சட்டங்களை மட்டும் எடுத்து, சுழலும் இயந்திரத்தில் வைத்துத் தேனைப் பிரித்தபின், வெற்று அடையை மீண்டும் பெட்டியில் வைக்கலாம். புதிய அடை கட்டும் உழைப்பு ஈக்களுக்கு மிச்சமாகிறது. தேனும் சுத்தமாகக் கிடைக்கிறது. நம் நாட்டு ஈக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார்.

பெட்டி வந்தால் மட்டும் போதாது. நாலைந்து பெட்டிகள் உடையவன் தன் சிறிதளவு தேனைத் தனியே விற்கச் சென்றால், விலையை வியாபாரியே நிர்ணயிப்பான். எனவே 1937-ஆம் ஆண்டில் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. இத்தகைய சங்கம் பலருடைய தேனை ஒன்றுசேர்த்து, சோதித்து, வடிகட்டி, ஒரே பெயரில் விற்கிறது. இதில் ஓர் அபாயமும் உண்டு. ஓர் அங்கத்தினர் சர்க்கரைப் பாகு கலந்தாலும் கெடுவது அவர் பெயரன்று, எல்லாருடைய பெயருமாகும். ஆகவே பரிசோதனையில் தாட்சணியம் பார்ப்பது சங்கத்தாருக்குச் செய்யும் துரோகமாகும்.

1991-92-ஆம் ஆண்டுகளில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. தாய்லாந்துப் புழுநோய் என்னும் வைரஸ் வியாதி தென்னிந்தியாவில் பரவி, எண்ணற்ற தேனீக் குடும்பங்களை அழித்தது. அப்போது ஹாட்ச் இல்லை, பாலும் இல்லை. ஆயினும் தொழிலறிவு வீடுகளில் இருந்தமையால் தேனீ வளர்ப்பு மீண்டும் தழைத்தது. 2023-ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெட்டிகளை இனாமாக அளிப்பதோடு வேலை நின்றிருந்தால், பெட்டிகள் வெறுமையானதும் தொழிலும் முடிந்திருக்கும். உதவி கோரும் சங்கத்தார் இதை மனத்திற்கொள்ளுதல் நலம். வெளியார் பணம் வருமுன், அங்கத்தினர் தம் பங்குத் தொகையைச் செலுத்துக. கற்பிப்பவர் இருக்கும்போதே உள்ளூரில் இருவர் மூவராவது தொழிலை முற்றும் கற்றுக்கொள்க. கணக்கை மகாசபையில் எல்லாரும் கேட்க வாசிக்க. உபகாரி சென்ற மறுநாளும் வேலை நடக்குமாயின், அவ்வுபகாரம் பலித்தது எனலாம்.