செயற்கை இடுப்பு மூட்டு: "அனுமதி உண்டா?" என்று கேட்டால் மட்டும் போதாது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கின் இரண்டாவது பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் இறங்கினால் பத்து காவான். ஒரு காலத்தில் நம் மக்கள் வியர்வை சிந்திய தோட்ட மண்; இன்று பெரிய தொழிற்பேட்டை. அங்கே ஸ்மித் அண்ட் நெப்யூ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்குப் பொருத்தும் செயற்கை உறுப்புகளைத் தயாரிப்பதற்கான தொழிற்சாலை அது.

அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "நம் ஊரிலேயே செய்கிறார்களே, நம் மருத்துவமனையில் கேட்டால் கிடைக்குமா?" என்பது ஒன்று. "எலும்பை அதிகம் வெட்டாமல் தொப்பி மட்டும் மாட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறதாமே, அது நமக்கு ஆகுமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தொப்பி மாட்டும் முறை

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் ஒரு பந்தும். தொடை எலும்பின் மேல்முனை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். மூட்டு தேய்ந்து போனால், பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு ஒன்றைச் செருகுவது வழக்கமான முறை. ஹிப் ரீசர்பேசிங் என்ற முறையில் பந்தை வெட்டுவதில்லை. பல்லைச் செதுக்கி உறை போடுவது போல, பந்தைச் செதுக்கி உலோகத் தொப்பி மாட்டுகிறார்கள். கிண்ணத்திலும் உலோகம் பதிக்கிறார்கள். எலும்பு மிச்சமாகிறது, பிற்காலத்தில் மறு அறுவை வந்தாலும் கையில் முதல் இருக்கிறது. அதனால்தான் ஓடியாடி உழைக்கும் இளைய வயதினர் இதைத் தேடிப் போகிறார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டெரிக் மெக்மின், ரோனன் டிரேசி என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கிய 'பர்மிங்ஹாம்' மூட்டு 1997-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 2004-ல் ஸ்மித் அண்ட் நெப்யூ அதை வாங்கியது. (அந்த நிறுவனம் செய்யும் எல்லா வகையும் பத்து காவானிலிருந்துதான் வருகின்றன என்று எண்ணிவிட வேண்டாம்.)

அமெரிக்காவில் இல்லை, சென்னையில் உண்டு

அமெரிக்க அரசின் அனுமதி இந்த மூட்டுக்கு 2006-ஆம் ஆண்டு மே மாதம்தான் கிடைத்தது. அதற்கு முன்பே சென்னையில் டாக்டர் விஜய் போஸ் இந்த அறுவையைச் செய்து வந்தார். சொந்த நாட்டில் கிடைக்காத சிகிச்சைக்காக அமெரிக்கர்கள் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தார்கள்!

அமெரிக்கா ஏன் தாமதித்தது? மெக்மின் செய்த 2,300-க்கும் மேற்பட்ட மூட்டுகளின் விவரங்களை ஆராய்ந்த பிறகே இசைந்தது. அப்போதும் மருத்துவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

அப்படியானால் தாமதம் என்பது வீண் காலவிரயமா? அடுத்த கதையைக் கேளுங்கள்.

அதே எண்ணம், வேறு விதி

டிபியூ நிறுவனத்தின் 'ஏ.எஸ்.ஆர்.' மூட்டும் உலோகத்தோடு உலோகம் உரசும் வகைதான். தொப்பி வகையும் இருந்தது. தண்டு வைத்த வகையும் இருந்தது. தண்டு வகை அமெரிக்காவில், முன்பே விற்பனையில் இருந்தவற்றைப் போன்றதுதான் என்ற அடிப்படையில், நோயாளிகளிடம் தனிச் சோதனை நடத்தாமலே 2005-ல் அனுமதி பெற்றது. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. பொருத்தும் கோணம் சற்றுத் தவறினாலும் விளிம்பில் உரசி, கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து, சுற்றியுள்ள தசையை அரித்தன.

2009 இறுதியில் ஆஸ்திரேலியாவில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தே ஆண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவை என்று பிரிட்டனின் பதிவேடு காட்டியது. இந்தியாவில் சுமார் 4,700 பொருத்தப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று மத்திய அரசு இழப்பீட்டு வழிமுறை வகுத்தது 2018-ல்தான்.

நல்ல பெயர் வாங்கிய பர்மிங்ஹாம் மூட்டும் தப்பவில்லை. 2015-ல் அதன் 46 மில்லிமீட்டரும் அதற்குக் கீழான அளவுகளும் விலக்கப்பட்டன. பெண்களுக்குப் பொருத்தக் கூடாது என்றும் நிறுவனமே அறிவித்தது. முன்பு பெண்களுக்கும் பொருத்தி வந்த மூட்டுதான் அது!

ஆகவே, அனுமதி என்பது ஒரு முறை அடித்துவிட்டுப் போகும் முத்திரை அல்ல. இந்தப் பொருளுக்கு, இந்த அளவுக்கு, இத்தகைய நோயாளிக்கு என்று தரப்படுவது. ஆதாரம் மாறினால் அதுவும் மாறும்.

நம் நாட்டில் எப்படி?

மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் 2013 ஜூன் 30-ல் நடப்புக்கு வந்தது. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் மருத்துவச் சாதன ஆணையத்திடம் பதிவு பெறாத பொருளைச் சந்தையில் விடக்கூடாது என்பது சட்டம். பதிவு ஐந்தாண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவான பொருட்களின் பட்டியலைப் பொதுமக்களே ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

எங்கே செய்யப்படுகிறது என்பது வேறு. எங்கே பொருத்த அனுமதி உண்டு என்பது வேறு. பதிவு இருந்தாலும், மருத்துவமனை அதை வாங்கி வைத்திருக்க வேண்டும். அதில் கைதேர்ந்த மருத்துவரும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் "கிடைக்கிறது" என்று பொருள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

அறுவைக்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மூட்டின் பெயர் என்ன? இங்கே பதிவு உண்டா? என் வயதுக்கும் எலும்பின் அளவுக்கும் அது ஏற்றதா? இதுவரை எத்தனை பேருக்கு நீங்கள் பொருத்தியிருக்கிறீர்கள்? சிறுநீரகக் கோளாறோ உலோக ஒவ்வாமையோ இருந்தால் மறைக்காதீர்கள்; உலோக மூட்டு உங்களுக்கு ஆகாது. பந்து எலும்பு பெரும்பகுதி செத்துப் போயிருந்தால் தொப்பி நிற்காது.

அறுவை முடிந்ததும் பொருளின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டை வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். நாளை அந்தப் பொருள் திரும்பப் பெறப்பட்டால் உங்களைக் காட்டிக் கொடுப்பது அந்தச் சீட்டுதான். உலோக மூட்டு பொருத்தியவர்கள், வலி இல்லையென்றாலும், மருத்துவர் சொல்லும் காலத்தில் இரத்தப் பரிசோதனையும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், உடம்புக்குள் வைக்கும் பொருளைப் பற்றி நான்கு கேள்வி கேட்பதில் என்ன கூச்சம்?